சந்தேகத்துக்கும் ஒரு பேரேடு

எங்கள் தாத்தா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். நான் இதே ஊரில் உளுந்து ஏற்றுமதி செய்கிற கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். அதனாலோ என்னவோ, துப்பறியும் தொடர் பார்க்க உட்கார்ந்தாலும் கை நோட்டைத் தேடுகிறது. 'யார் செய்திருப்பான்' என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சந்தேகத்தை எழுதி வையுங்கள். எழுதாத சந்தேகம் வாரத்துக்கு வாரம் நிறம் மாறும். கடைசியில் "அப்பவே சொன்னேனே" என்று எல்லோரும் சொல்வார்கள். யார் எப்போது எதைச் சொன்னார் என்பதற்குச் சாட்சி இருக்காது.

நான் உதாரணம் காட்டப்போவது பிபிசியின் 'லைன் ஆஃப் டியூட்டி'. முடிவையும் சொல்லிவிடுவேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். 2012இல் தொடங்கி 2021 வரை ஆறு சீசன், 36 பகுதிகள். போலீசுக்குள்ளேயே கெட்டுப்போன போலீசைப் பிடிக்கிற ஏசி-12 என்ற பிரிவின் கதை. மூன்றாம் சீசன் முடிவில், அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த கெட்ட போலீஸ் டாட் காட்டன் குண்டடிபட்டுச் சாகும்போது கொடுத்த மரண வாக்குமூலத்தை வைத்து, அடுத்த சீசனிலிருந்து, போலீசுக்குள் ஒளிந்திருக்கும் பெரிய தலை 'ஹெச்' யார் என்ற கேள்வி கிளம்பியது. ஏசி-12இன் தலைவர் ஹேஸ்டிங்ஸ், போலீஸ் அதிகாரிகள் ஹில்டன், ஹன்ட்லி என்று ஹெச்சில் தொடங்கும் பெயருக்கெல்லாம் சந்தேகம் ஒட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டில் நாலு பேர் சேர்ந்து பார்த்தோம். நான், சித்தி, கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற மாமா, மாடி வீட்டுப் பெண். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஊர் இது. லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். யாரும் தனியாக முன்னால் ஓடிப் பார்க்கக் கூடாது. இந்த ஒரு விதியை மீறினால் மற்ற எதுவும் பயன்படாது.

நோட்டு இரண்டு வேண்டும். முதலாவது சிட்டை. பார்க்கும்போதே, நடந்த வரிசையில் எழுதுவது. கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும். "ஹேஸ்டிங்ஸ் எதையோ மறைக்கிறார்" என்று சிட்டையில் வரக் கூடாது. "ஐந்தாம் சீசன்: ஹேஸ்டிங்ஸ் தன் லேப்டாப்பைக் குமிழ் குமிழான பிளாஸ்டிக் உறையில் சுற்றி அப்புறப்படுத்தினார்" என்றுதான் வர வேண்டும். கேட்டதை எழுதினால் சொன்னவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பணம் கொடுத்தேன் என்று ஒருவன் சொன்னது வேறு, பணம் கைமாறியதை நாம் பார்த்தது வேறு. இரண்டையும் ஒரே வரியில் கலந்தால் பத்துப் பகுதி கழித்துப் பிரிக்கவே முடியாது.

இரண்டாவது பேரேடு. ஆளுக்கு ஒரு பக்கம். நடுவில் கோடு; அவரைக் குற்றத்தில் இழுப்பது பற்று, அவரை விடுவிப்பது வரவு. சிட்டையில் இல்லாத எதுவும் பேரேட்டுக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே 'வேறு என்ன காரணம் இருக்கலாம்' என்று கட்டாயம் ஒரு வரி எழுதுங்கள். லேப்டாப் விஷயத்தில் நான் அந்த வரியை வெறுமையாக விட்டேன். சித்தி பென்சிலை வாங்கி எழுதினார்: "வீட்டுக்குத் தெரியக்கூடாத அசிங்கம் ஏதோ." அப்படித்தான் ஆயிற்று, அவர் மறைத்தது ஆபாசப் படம் பார்த்ததை. வெட்கப்படுகிறவன் முகமும் குற்றவாளி முகமும் ஒரே மாதிரித்தான் வேர்க்கும் என்பது சித்திக்குத் தெரிந்திருந்தது.

கேள்வியையும் பக்கத்தின் தலையில் எழுதி, அதையும் சந்தேகப்படுங்கள். சாகும்போது காட்டனின் விரல் தட்டியதை ஐந்தாம் சீசனில் காட்டியபோது, சப்டைட்டில் வரும் முன்பே மாமா மேசையில் நாலு தட்டுத் தட்டினார். மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டில் ஹெச்சுக்கு நாலு புள்ளி. ஹெச் என்பது பெயரின் முதல் எழுத்தே இல்லை, நாலு ஆட்கள்! நாங்கள் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தப்பு. உங்கள் கூட்டத்தில் யார் என்ன தொழில் தெரிந்தவர் என்று பார்த்து, அந்த இடத்தில் அவரைப் பேச விடுங்கள்.

எங்கள் பெரிய தவறு வேறு. நாலாவது ஆளைக் காட்டிக்கொடுத்தது ஓர் எழுத்துப் பிழை. 'டெஃபினிட்லி' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் ஐ வர வேண்டிய இடத்தில் ஏ. அந்தப் பிழையைச் சிட்டையில் குறித்திருந்தேன், ஹேஸ்டிங்ஸும் அப்படியே டைப் செய்ததால் அவர் பற்றில் ஏற்றியிருந்தேன். கடைசியில் பிடிபட்டவர் பக்கெல்ஸ். முதல் சீசனிலிருந்தே இருந்த போலீஸ் அதிகாரி, மந்தமான மனிதர் என்று நாங்கள் அவருக்குப் பக்கமே திறக்கவில்லை. இப்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வசனம் பேசுகிற எவருக்கும் ஒரு பக்கம் திறந்துவிடுகிறேன்.

இந்த வேலையை நாடகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் நிஜமாகவே ஒரு வீட்டில் நகை காணாமல் போனபோது, அங்கே வேலை செய்த பெண்ணைத் தெருவே கூடிப் பேசித் திருடியாக்கியது. நகை பிறகு அந்த வீட்டிலேயே கிடைத்தது. அந்தப் பெண் ஊரை விட்டே போய்விட்டாள். உயிரோடு இருக்கிறவர் பெயர் என் பேரேட்டில் ஏறாது.

சீசன் முடிந்ததும் ஐந்தொகை போடுங்கள். தீர்ந்த பக்கத்துக்குக் குறுக்கே கோடு. தப்பாய்ப் போன ஊகத்தை அழிக்காமல் பக்கத்தில் தேதி. தீராததை அடுத்த நோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். 2021 மே 2 அன்று பிரிட்டனில் 1.28 கோடிப் பேர் கடைசிப் பகுதியைப் பார்த்தார்கள். அவர்களில் பலருக்கும் எங்களைப் போலவே பக்கெல்ஸ் போதவில்லை. இவ்வளவு பெரிய வலையை அந்த ஆள் ஒருவர் பின்னியிருப்பாரா? போலீஸ் தலைவர் ஆஸ்போர்ன் பக்கத்தில் பற்று பதினொன்று, வரவு இரண்டு. சித்தி அதில் கோடு போட விடவில்லை. புது நோட்டின் முதல் பக்கத்தில் "முன்பாக்கி" என்று எழுதி அவரை ஏற்றியிருக்கிறேன்.