எயார்சொஃப்டுக்கு அங்கீகாரம் கேட்கப்போகும் கழகத்துக்கு: என்ன கேட்பது, எதை அளப்பது, எப்படி எழுதுவது

முதலில், எதற்கு அங்கீகாரம் கேட்கிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். எயார்சொஃப்ட் என்பது சின்னப் பிளாஸ்ரிக் உருண்டைகளை, அதாவது மணிகளை, சுடும் துப்பாக்கி விளையாட்டு. அந்த ஒரு பெயருக்குள் இரண்டு விளையாட்டுகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு அணி வடலிக்குள் ஒளிந்து நின்று ஒருவரையொருவர் சுடுவது. மற்றது, மட்டையில் வெட்டிய இலக்குகளை நேரக்கணக்கோடு சுடுவது. முதலாவதுக்கு அங்கீகாரம் கேட்டால் விண்ணப்பம் முதல் மேசையைத் தாண்டாது. தாண்டவும் கூடாது என்பதே எங்கள் கருத்து. பட்டதா இல்லையா என்பதை அங்கே பட்டவரே சொல்லவேண்டும். கிளித்தட்டில்கூடத் தொட்டதைப் பார்க்க ஒரு நடுவர் நிற்பார். முப்பது மீற்றர் தள்ளி ஒருவரின் சட்டையில் பட்டுத் தெறிக்கும் 6 மி.மீ. மணியை எந்த நடுவர் பார்ப்பார்? அது நல்ல பொழுதுபோக்காக இருக்கலாம், ஆனால் புள்ளி போடமுடியாது.

இரண்டாவதின் கதை வேறு. 1976 இல் தொடங்கிய சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பான ஐ.பி.எஸ்.சி., எயார்சொஃப்ட் பிஸ்டலுக்கென்று 'அக்சன் எயார்' என்ற பிரிவை வைத்திருக்கிறது. அதன் முதல் உலகப் போட்டி 2018 இல் ஹொங்கொங்கில் நடந்தது. "விளையாட்டுத் துப்பாக்கியால் சுடுவதெல்லாம் சுடுதலா?" என்று கேட்பவருக்கு ஒலிம்பிக்கின் நவீன ஐந்தொகுதிப் போட்டியை (மொடேர்ன் பென்டாத்லன்) காட்டுங்கள். 2012 இலண்டன் ஒலிம்பிக்கிலிருந்து அதில் பயன்படுவது லேசர் பிஸ்டல். குழலிலிருந்து ஒரு பொருளும் வெளியே வருவதில்லை. 10 மீற்றர் தூரத்தில் 59.5 மி.மீ. அகல இலக்கில் ஒளி விழுந்ததா என்று கருவி பார்க்கிறது, அவ்வளவுதான். ஆகவே கேள்வி துப்பாக்கியின் வலுவைப் பற்றியதல்ல, அளவீட்டைப் பற்றியது. உங்கள் கோப்பில் நிரூபிக்கவேண்டியதும் அதுவே.

சட்டம் முதலில், சாமான் பிறகு

"பிளாஸ்ரிக்தானே, விளையாட்டுச் சாமான்தானே" என்று விற்பவர் சொல்வது அனுமதியாகாது. இலங்கையில் துப்பாக்கிகள் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழே வருகின்றன. ஒன்றையும் ஓடர் பண்ணமுன் பாதுகாப்பு அமைச்சுக்கு எழுத்தில் கேளுங்கள். கடிதத்தில் தயாரிப்பு, மாதிரி, மணியின் விட்டமும் நிறையும், அதிகூடிய சக்தி எத்தனை யூல், எத்தனை துண்டு, எந்த அலுமாரியில் யாருடைய சாவியில் இருக்கும் என்பதெல்லாம் வரவேண்டும். எழுத்தில் பதில் வராமல் இணையத்தில் வாங்காதீர்கள். பொதி சுங்கத்தில் நின்றால் காசு மட்டுமல்ல, கழகத்தின் பெயரும் சேர்ந்து போகும்.

அங்கீகாரம் 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் வழியே வருகிறது. அங்கே பேச்சு தேசியச் சங்கங்களோடு. யாழ்ப்பாணத்துக் கழகம் ஒன்று நேரே போய் "எங்கள் விளையாட்டை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று கேட்கமுடியாது. கழகத்தைப் பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தரிடம் பதியுங்கள். பிறகு மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தரின் சிபார்சுக் கடிதத்தோடு தேசிய சுடுதல் சம்மேளனத்திடம் போங்கள். புதிதாக ஒரு தேசியச் சங்கம் தொடங்குவதைவிட இருக்கும் சம்மேளனத்துக்குள் ஒரு பிரிவாகப் புகுவதே கெட்டித்தனம். சுடுகூடம், நடுவர், அனுமதிப்பத்திரம் எல்லாம் பழகிய ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். 10 மீற்றர் எயார் றைபிளில் தெஹானி எகொடவெலவை டோக்கியோ ஒலிம்பிக் வரை அனுப்பிய நாடு இது.

ஆனால் ஒன்றை ஒளிக்காதீர்கள். ஒலிம்பிக் சுடுதலை நடத்தும் ஐ.எஸ்.எஸ்.எஃப். இன் போட்டிப் பட்டியலில் எயார்சொஃப்ட் இல்லை. ஐ.பி.எஸ்.சி. வேறொரு அமைப்பு. ஆகவே முதல் விண்ணப்பத்தில் "உள்ளூர்ப் போட்டிப் பிரிவு" என்று மட்டும் கேளுங்கள். ஒலிம்பிக், பதக்கம் என்று எழுதினால் தெரிந்தவர் சிரிப்பார்.

மண்டபம்

பாடசாலை பட்மின்ரன் மண்டபம் போதும். ஆடுகளம் 13.40 மீற்றர் நீளம், 6.10 மீற்றர் அகலம். 10 மீற்றர் சுடுதூரமும் பின்னால் நடுவர் நிற்க இடமும் கிடைக்கும். வெளிக்காணி வேண்டாம். 0.20 கிராம் மணியை ஒரு கச்சான் காற்று எங்கேயோ கொண்டுபோய்விடும், வேலிக்கு அப்பால் நிற்பவருக்கும் கண் இருக்கிறது.

சுவரை நேரே விட்டுவிடாதீர்கள். பிளாஸ்ரிக் மணி சீமெந்தில் பட்டால் வந்த வழியே திரும்பும். சுவரிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி, கனத்த பழைய போர்வையையோ இரட்டையாக மடித்த சாக்கையோ தொங்கவிடுங்கள். கீழ்ப்பக்கம் கட்டாமல் தளர்வாக இருக்கவேண்டும். இழுத்துக் கட்டினால் துணியும் சுவர்போலத் தெறிக்கும். படங்கு கட்டுபவர்கள் இந்தப் பிழையைத்தான் விடுகிறார்கள், படங்கின் வழவழப்பில் மணி நன்றாகத் துள்ளும். துணிக்குக் கீழே ஒரு நீளப் பெட்டி வைத்தால் மணிகள் அதற்குள் விழும். மிச்சத்தை ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு தும்புத்தடியால் கூட்டுங்கள். மினுக்கிய சீமெந்து நிலத்தில் நூறு மணி கிடந்தால் ஓடிவருபவர் இடுப்பு முறிய விழுவார். கூட்டிய மணியைத் திரும்பப் போடவேண்டாம். கண்ணுக்குத் தெரியாத நெளிவும் செம்மண் தூசியும் குழலைக் கீறும். மின்விசிறிகளை நிற்பாட்டுங்கள். யன்னல்களுக்குத் திரை போடுங்கள், அது ஏன் என்பது பின்னால் வரும்.

கண்ணாடி

இரும்புக்கடைப் பாதுகாப்புக் கண்ணாடியை நம்பவேண்டாம். ஐரோப்பிய ஈ.என். 166 தரத்தில் வில்லையிலோ சட்டத்திலோ ஒரு எழுத்து பொறித்திருக்கும். 'எஃப்' என்றால் 0.86 கிராம் இரும்பு உருண்டை செக்கனுக்கு 45 மீற்றர் வேகத்தில் பட்டுத் தாங்கியது, அதாவது 0.87 யூல். உங்கள் பிஸ்டல் 1 யூல் என்றால் அது போதாது. 'பி' என்றால் 120 மீற்றர் வேகம், ஏறத்தாழ 6.2 யூல். மண்டபத்துக்குள் காலடி வைக்கும் எல்லாருக்கும் 'பி', பார்க்க வந்த அதிபருக்கும்தான். யாழ்ப்பாணத்து ஈரப்பதனில் கண்ணாடி பூத்துப்போகும். பூத்தவுடன் ஆள் அதைக் கழற்றுவார், விபத்து அப்போதுதான் நடக்கும். காற்றோட்டத் துளை உள்ளதை எடுங்கள். கழற்றவேண்டுமானால் கையை உயர்த்தி, சுடுதல் நின்றபிறகு, மண்டபத்துக்கு வெளியே போய்க் கழற்றவேண்டும்.

சக்தியை அளத்தல்

கோப்பைத் திறப்பவர் முதலில் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். ஜப்பானில் 2006 இலிருந்து எல்லை 0.98 யூல். பிரித்தானியாவின் 2017 சட்டம் ஒற்றைச் சூட்டுக்கு 2.5 யூலும் தொடர்சூட்டுக்கு 1.3 யூலும் விடுகிறது. ஒலிம்பிக் எயார் றைபிளின் ஈயச் சன்னம் ஏறத்தாழ அரைக் கிராம் நிறை, செக்கனுக்கு 170 மீற்றருக்குக் கிட்ட வேகம், 7 யூலுக்கு மேல். 1 யூலை உங்கள் எல்லையாக எழுதினால், ஏற்கெனவே அனுமதி உள்ள விளையாட்டின் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு என்று காட்டலாம்.

கணக்கு: மணியின் திணிவைக் கிலோகிராமில் எடுத்து, வேகத்தால் இருமுறை பெருக்கி, இரண்டால் பிரியுங்கள். 0.20 கிராம், 100 மீற்றர் வேகம் என்றால் சரியாக 1 யூல். 0.25 கிராமுக்கு அந்த எல்லை 89.4 மீற்றர், 0.28 கிராமுக்கு 84.5. இங்கேதான் ஏமாற்று நடக்கும். 0.20 மணியால் அளந்து காட்டிவிட்டுப் பாரமான மணியால் சுடுவார்கள். வாயுத் துப்பாக்கியில் பாரமான மணி குழலுக்குள் கூட நேரம் நின்று கூடச் சக்தியை வாங்கிக்கொண்டு வரும். ஆகவே போட்டிக்குப் போடும் அதே மணியால், அதே வாயுவால் அளக்கவேண்டும். வேகமானியில் மணியின் நிறையைச் சரியாகப் பதிந்தீர்களா என்று இருவர் பாருங்கள். பத்துச் சூடு சுட்டு, சராசரியை விட்டு, கூடிய எண்ணை எழுதுங்கள்.

அடுத்தது வெயில். இந்தப் பிஸ்டல்களில் அடைக்கும் 134ஏ வாயுவின் அமுக்கம் 20 பாகையில் 5.7 பார், 35 பாகையில் 8.9 பார். குளிர்நாட்டில் 0.9 யூல் என்று பெட்டியில் அடித்த பிஸ்டல், சித்திரை மாதம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே எல்லையைத் தாண்டிவிடும். காலை எட்டு மணிக்கு அளந்து மத்தியானம் போட்டி வைத்தால் அந்த அளவு செல்லாது. மறுபக்கமும் உண்டு: வேகமாகச் சுடச்சுட மகசின் (மணியும் வாயுவும் அடைத்த கூடு) குளிர்ந்து அமுக்கம் விழும், கடைசிச் சூடுகள் தாழப் போகும். துப்பாக்கி பழுதென்று கழற்றாதீர்கள், அடுத்த மகசினைப் போடுங்கள்.

துல்லியம்: உண்மையை எழுதுங்கள்

10 மீற்றரில் பத்து அட்டைக்கு ஐந்தைந்து சூடு. அட்டையில் ஒன்றுக்கொன்று தூரமான இரு துளைகளின் மையங்களுக்கிடையே அளந்து, பத்து எண்ணையும் எழுதுங்கள், நல்லதை மட்டும் பொறுக்கவேண்டாம். மெல்லிய கடதாசி கிழிந்து துளை தெரியாது, தடித்த அட்டை வேண்டும்.

எண்கள் எயார் றைபிளுக்குக் கிட்டவும் வராது. எயார் றைபிள் இலக்கின் பத்துப் புள்ளி 0.5 மி.மீ., உங்கள் மணியின் விட்டமே 5.95 மி.மீ. அந்த மணி 6.03 தொடக்கம் 6.08 மி.மீ. வரையான வழவழப்பான குழலுக்குள் எதையும் பற்றிக்கொள்ளாமல் வருகிறது. ஈயச் சன்னம் குழலின் புரியைக் கவ்விச் சுழன்று வருகிறது. இந்த வேறுபாட்டை ஒளிக்காமல் எழுதி, "ஆகவே இது துல்லியப் போட்டியல்ல, வேகமும் துல்லியமும் சேர்ந்த போட்டி" என்று தொடருங்கள். கோப்பின் வலுவான வசனம் அதுவே.

ஒரு சூடு மட்டும் எங்கோ போனால் பெரும்பாலும் காரணம் ஹொப்-அப் இறப்பரில், அதாவது மணிக்குப் பின்சுழற்சி கொடுக்கும் இறப்பரில், பட்ட சிலிக்கன் எண்ணெய். துடைத்து, பத்துச் சூட்டை வீணாக்கிவிட்டுத் தொடங்குங்கள். மண்ணில் மக்கும் வகை மணிகள் மாரிகாலத்தில் ஈரத்தை இழுக்கும். மூடி இறுகிய போத்தலில் வையுங்கள்.

போட்டியும் புள்ளியும்

ஆறு இலக்கு, இலக்குக்கு இரண்டு சூடு. உள்வலயம் 5, அடுத்தது 3, வெளிவலயம் 1, தவறினால் 10 கழியும். மொத்தப் புள்ளியை நேரத்தால் பிரியுங்கள். பன்னிரண்டும் உள்ளே போட்டவருக்கு 60 புள்ளி, 12 செக்கன் எடுத்தால் 5.00. ஒன்பது உள்ளே, மூன்று அடுத்த வலயம் என்றால் 54, அதை 9 செக்கனில் முடித்தால் 6.00. இவரே இன்னும் அவசரப்பட்டு 8 செக்கனில் முடித்து, ஒரு உள்வலயச் சூட்டைத் தவறவிட்டால் 39 புள்ளி, 4.88. பார்க்க வரும் அதிகாரிக்கு இந்த மூன்று வரியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். கோட்டில் தொட்ட துளைக்குக் கூடிய புள்ளி. சுற்று முடியத் துளைகளை ஒட்டி மூடாவிட்டால் அடுத்தவரின் புள்ளியில் சண்டை வரும்.

சத்தத்தைக் கேட்டு ஓடும் ரைமர் எயார்சொஃப்டின் மெல்லிய ஒலியைச் சிலவேளை தவறவிடும், தகரத்தில் அடிக்கும் மாரிமழையைச் சூடென்று எண்ணும். உணர்திறனை மண்டபத்திலேயே சரிபாருங்கள். கடைசி இலக்கை விழும் தகடாக வைத்தால் இரண்டாவது சாட்சி கிடைக்கும்.

கட்டளைகளை உலக வழக்கிலேயே வைத்திருங்கள்: லோட் அன்ட் மேக் றெடி, ஆர் யூ றெடி, ஸ்ரான்ட்பை. குழல் இலக்குப் பக்கத்திலிருந்து இடம் வலம் 90 பாகைக்கு வெளியே போனால் அன்றைய போட்டி அவருக்கு முடிந்தது, செயலாளரின் மகனென்றாலும்தான். நடுவர் சொல்லாமல் மணி நிரப்பிய துப்பாக்கி யாரிடமும் இருக்கக்கூடாது.

எல்லாருக்கும் கழகத்தின் ஒரே மாதிரித் துப்பாக்கி. இல்லாவிட்டால் வெல்வது வெளிநாட்டு மாமாவின் காசு. பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து நாலு போட்டி நடத்தி, வரிசையை ஒப்பிடுங்கள். முன்னுக்கு நிற்பவர்கள் ஏறத்தாழ அதே ஆட்கள் என்றால் திறமை அளக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் வரிசை குலைந்தால் முதலில் துப்பாக்கியையும் மணியையும் பாருங்கள். விண்ணப்பத்தை அதுவரை வையுங்கள்.

ஊர்

துப்பாக்கியைப் போலொரு பொருளைக் கையில் எடுத்தால் இங்கே ஒரு தலைமுறைக்கே வயிறு கலங்கும். இதை யாரும் மிகையென்று சொல்லமுடியாது. திரை போடச் சொன்னதும் அதற்காகத்தான். பச்சைப் புள்ளி உடுப்பு வேண்டவே வேண்டாம், கழக ரீசேட் போதும். பாதிக்கு மேல் மஞ்சளோ செம்மஞ்சளோ நிறமுள்ள பிஸ்டல் எடுங்கள். பூட்டிய பெட்டியில், வாயு வேறு மணி வேறாகக் கொண்டுபோங்கள். மோட்டார் சைக்கிளில் முதுகுப் பையில் கொண்டுபோகவேண்டாம். திகதிகளைக் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, பிரதியில் ஒப்பம் வாங்குங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்பம். கமெராவை நோக்கித் துப்பாக்கி நீட்டிய ஒரு படம் முகநூலில் ஏறினால் ஆறுமாத வேலை போய்விடும்.

கோப்பு

பதிவுக் கடிதம், பாதுகாப்பு அமைச்சின் எழுத்து அனுமதி, சக்திப் பக்கம், துல்லியப் பக்கம், நாலு போட்டியின் முழுப் புள்ளிப்பட்டியல், பாதுகாப்பு விதி, விபத்துப் பதிவு (சின்னக் கீறலும் உட்பட). பதினைந்து பக்கத்தைத் தாண்டவேண்டாம். தமிழில் எழுதுங்கள், கொழும்புக்குப் போகும் பிரதியோடு சிங்கள மொழிபெயர்ப்பை இணையுங்கள். பதிவுத் தபால், பற்றுச்சீட்டு, ஒரு முழுப் பிரதி கழகத்தில்.

துப்பாக்கிக்கு அனுமதி மறுக்கப்பட்டால் கோப்பைக் கிழிக்கவேண்டாம். ஐந்தொகுதிப் போட்டி வகை லேசர் பிஸ்டலையும் ஒளியுணர் இலக்கையும் விலை கேளுங்கள். ஒளிக்கு வலயப் புள்ளி இல்லாததால் பட்டது, படாதது என்று மட்டும் எண்ணவேண்டும். மண்டபம், நேரம், 90 பாகை, நாலு போட்டி எல்லாம் அப்படியே நிற்கும். சக்திப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி அனுப்பலாம்.