மேக்பெத்தை மேடையேற்றுகிறவர்களுக்கு: பொய்முகத்தை எப்படிக் காட்டுவது

ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் சிரித்த முகத்தோடு வரவேற்பவன்தான் கழுத்தை அறுக்கிறான்: தளபதி மேக்பெத், தன் கோட்டைக்கு விருந்தாளியாக வரும் ராஜா டங்கனைக் கொல்கிறான். கதை எல்லாருக்கும் தெரியும். அமெச்சூர் குழுக்கள் கோட்டைவிடுவதும் அதனால்தான். கதாநாயகன் முதல் காட்சியிலேயே ஓரக்கண்ணால் பார்த்து, உதட்டைக் கோணி, 'நான் ஏமாற்றப்போகிறேன்' என்று கூட்டத்துக்குச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகும் நம்புகிற டங்கன் முட்டாள் ராஜாவாகத்தான் தெரிவார். அந்தப் பொய்யை மேடையில் நிற்பவர்கள் நம்ப வேண்டும். உண்மை பார்வையாளருக்கு வசனத்திலும் டைமிங்கிலும் போய்ச் சேர வேண்டும், முகத்தில் அல்ல.

ஒத்திகை தொடங்குவதற்கு முன் காட்சிவாரியாக ஒரு அட்டவணை போடுங்கள். வெளியே தெரிவது என்ன, உண்மையில் நடப்பது என்ன, மேடையில் அது யார் யாருக்குத் தெரியும்: இந்த மூன்று பத்தி போதும். மூன்றாவது பத்திதான் இயக்குநருக்கு உயிர். அதில் பெயர் இல்லாத நடிகர் எவரும் சந்தேகப்படுகிற மாதிரி ஒரு தலையசைப்புகூடச் செய்யக் கூடாது.

முதல் பரீட்சை முதல் அங்கம் நான்காம் காட்சி. துரோகம் செய்து தண்டிக்கப்பட்ட காடர் பிரபுவைப் பற்றி டங்கன் பேசுகிறார். முகத்தைப் பார்த்து மனதைப் படிக்கும் வித்தை கிடையாது, அவனை முழுசாக நம்பியிருந்தேன் என்கிறார். சொல்லி வாயை மூடவில்லை, மேக்பெத் உள்ளே வருகிறான். ராஜா அவனைப் பார்த்து முகம் மலர்கிறார். இங்கே மூன்று விநாடி தாமதித்தாலும் குத்தல் செத்துவிடும். மேக்பெத் விங்கின் (மேடையின் பக்கவாட்டு மறைவு) ஓரத்தில், பார்வைக்குத் தப்பி, இரண்டடி தள்ளித் தயாராக நிற்க வேண்டும். 'நம்பியிருந்தேன்' என்ற சொல்லின் கடைசி எழுத்தோடு முதல் காலடி விழ வேண்டும். நுழைபவர் முகத்தில் விசுவாசம் மட்டுமே இருக்கட்டும். கூட்டத்தில் யாராவது 'ச்சு' கொட்டினால் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆறாம் காட்சியில் டங்கன் கோட்டைக்கு வந்து, இடம் ரம்மியமாக இருக்கிறது, காற்று இதமாக இருக்கிறது என்கிறார். மேக்பெத்தின் தோழன் பாங்கோ குருவிக்கூடுகளைக் காட்டுகிறான். கீபோர்டில் 'டூம்ம்' என்று இழுக்க மியூசிக்காரருக்குக் கை அரிக்கும். இழுக்க விடாதீர்கள். பறவைச் சத்தமும் வெதுவெதுப்பான மஞ்சள் ஒளியும் போதும். லேடி மேக்பெத்துக்குக் கறுப்புப் புடவையோ கறுப்பு கவுனோ வேண்டவே வேண்டாம்.

கொலை ரத்தம்

இரண்டாம் அங்கத்துக்கு ராத்திரி வெளிச்சம் என்று நீல ஜெல்லை (விளக்கின் முன் மாட்டும் கலர் தாள்) மட்டும் போட்டால் ரத்தம் கறுப்பாகத் தெரியும், தார் பூசிய கை மாதிரி. பயங்கரம் காட்டச் சிவப்பு ஜெல் போட்டாலோ வெள்ளைத் துணியில் உள்ள கறையே காணாமல் போகும். பின்னணிக்கு நீலம் இருக்கட்டும். கைகள் வரும் இடத்தில் மட்டும் ஒரு ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) ஸ்பாட்டைக் குறைந்த அளவில் வையுங்கள்.

ரத்தத்துக்கு: பேக்கரி சாமான் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் 200 மி.லி., சிவப்பு ஃபுட் கலர் 1 டீஸ்பூன், கோகோ பவுடர் அரை டீஸ்பூன், நீல கலர் பல்குச்சி நுனியளவு. கோகோவை 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டுக் குளுக்கோஸில் சேருங்கள், இல்லாவிட்டால் கட்டி தட்டும். நீலம் கொஞ்சம் கூடினாலும் ஊதாவாகிவிடும். துணியில் படுகிற ரத்தத்தில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டால் துவைக்க எளிது. வாயில் வைக்கும் ரத்தத்தில் அதைச் சேர்க்கக் கூடாது.

அடுத்து வரும் காவலாளி காட்சியை 'காமெடி டிராக்' என்று வெட்டிவிடுகிறார்கள். கைகழுவ நேரம் தருவதே அந்தக் குடிகாரன்தான்! அவன் கதவைத் திறக்காமல் புலம்பும் நேரத்துக்குள் மேக்பெத் ரத்தம் போக்கி, ராத்திரி அங்கி மாட்டிக்கொண்டு, தூக்கத்திலிருந்து எழுந்தவன் மாதிரி வர வேண்டும். கொலைக்குப் போகும் முன்பே கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் கலர் பிடிக்காது. விங்கில் வாளி, சோப்பு, துண்டு, கூட ஒரு ஆள். ஒத்திகையில் இதையும் கடிகாரம் வைத்து ஓட்டிப் பாருங்கள். நேரம் போதவில்லை என்றால் காவலாளியை இழுக்கச் சொல்லுங்கள், அவர் சந்தோஷமாகச் செய்வார்.

கொலை வெளியே தெரிந்ததும் லேடி மேக்பெத் மயங்கி விழுவது நிஜமா நடிப்பா என்று மூலம் சொல்லவில்லை. நீங்கள் முடிவு செய்து அந்த நடிகையிடம் மட்டும் சொல்லுங்கள்.

விருந்தும் ஆவியும்

கொலைக்கு முன் மேக்பெத்தின் கண்ணுக்குத் தோன்றும் கத்தியைக் காட்டக் கூடாது, அவன் ஆள்வைத்துக் கொன்ற பிறகு விருந்தில் ஆவியாக வரும் பாங்கோவைக் காட்ட வேண்டும் என்பது எங்கள் கட்சி. கத்தி நிஜமா என்று மேக்பெத்தே சந்தேகப்படுகிறான். ஆவியை அவன் சந்தேகிப்பதில்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் தொகுப்பான 1623 ஃபோலியோ பதிப்பிலும் ஆவி நுழைந்து மேக்பெத்தின் இருக்கையில் உட்காருவதாகவே மேடைக்குறிப்பு இருக்கிறது. வெள்ளைப் பவுடர், புகை மெஷின் எதுவும் வேண்டாம். முந்தைய காட்சியின் அதே உடை, தலையில் வெட்டுக்காயங்கள், அவ்வளவே.

சிக்கல் விருந்தினர்களிடம்தான். பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் முழங்கை தானாக ஒதுங்கும், கண் தானாகத் திரும்பும். அதனால் முதலில் காலி நாற்காலியோடு காட்சியை ஊறப் போடுங்கள், பாங்கோவைக் கடைசியில் உட்கார வையுங்கள். மேக்பெத் கத்தும்போது எல்லாரும் நாற்காலியின் முதுகுப் பலகையைப் பார்க்கட்டும், ஆளின் முகத்தை அல்ல.

நான்காம் அங்கத்தில் டங்கனின் மகன் மால்கம், தன்னைத் தேடி வந்தவரைச் சோதிக்க, தன்னைக் காமுகன், பேராசைக்காரன் என்று சொல்லிக்கொள்ளும் நீண்ட காட்சியைச் சுருக்கலாம், எடுத்துவிடக் கூடாது. அங்கே பார்வையாளருக்கும் உண்மை தெரியாது. மால்கம் நம்மையும் ஏமாற்றியாக வேண்டும்.

லேடி மேக்பெத் தூக்கத்தில் நடக்கும் காட்சியில் கையில் சிவப்பு பூசுவது பெரிய பிழை. கை பளிச்சென்று சுத்தமாக இருக்க, அவளுக்கு மட்டும் கறை தெரிய வேண்டும். கண் திறந்திருக்கும், கையை நீட்டிக்கொண்டு நடக்க வேண்டாம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் எல்.இ.டி. மெழுகுவர்த்தி போதும். இரண்டு கையையும் தேய்க்க வேண்டியிருப்பதால் அதை வைக்க ஒரு ஸ்டூல் முன்கூட்டியே மேடையில் இருக்கட்டும்.

ஹால் விஷயம். பெங்களூரு ஜே.பி. நகரில் உள்ள ரங்கசங்கரா அரங்கில் நேரம் தாண்டினால் யாருக்கும் அனுமதி இல்லை என்பதால் நாடகத்தைத் தொடங்கிவைக்கும் சூனியக்காரிகளின் ஒரு நிமிடக் காட்சி பிழைக்கும். தாமதமாக வருபவர்களை விடுகிற ஹாலில், டிராஃபிக்கைச் சொல்லிக்கொண்டு பாதிக் கூட்டம் அப்போதுதான் இருட்டில் சீட் தேடும். அங்கே சூனியக்காரிகளைக் கதவு திறக்கும்போதே மேடையில் உட்கார வையுங்கள், கூட்டம் அடங்கிய பிறகு வாய் திறக்கட்டும்.

பர்னம் காடு நடந்து வரும்வரை மேக்பெத்துக்குத் தோல்வி இல்லை என்று ஆரூடம். அந்தக் காடு 'நடக்கும்' இடத்தில் அட்டவணை திரும்பவும் உதவும். படை மறைந்து வருவதற்காக மால்கம் கிளைகளை வெட்டச் சொல்வதைப் பார்வையாளர் தெளிவாகக் கேட்க வேண்டும். 'காடு நடக்கிறது' என்று அதிர்வது மேக்பெத்தும் அவனிடம் சேதி கொண்டுவருபவனும்தான். வாழை இலை கிழியும், மாவிலைக் கொத்து குட்டை. அபார்ட்மெண்டில் நெட்டிலிங்கம் கத்தரிக்கும் நாளாகப் பார்த்து, அசோசியேஷனில் கேட்டு நாலடிக் கிளைகளாக வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு வீதம் எட்டுப் பேருக்குப் பதினாறு. அடிப்பாகம் தண்ணீரில் நிற்கட்டும், காட்சி வரும்வரை லைட் சூடு படாத பக்கம் வையுங்கள்.