தமிழ் வலைப்பக்கத்தில் அடிக்கோடு இடுவது எப்படி?

பெங்களூரு அல்சூரில் உள்ள தமிழ் நண்பர்கள் பொங்கல் விழாவுக்கு ஓர் அறிவிப்புப் பக்கம் தயாரிக்கிறார்கள் என்றும், அதில் ‘ஞாயிற்றுக்கிழமை’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். வலைப்பக்கத்தை எழுதும் குறியீட்டு மொழியான எச்.டி.எம்.எல்லில் இதற்கு மிகச் சுருக்கமான வழி ‘யு’ டேக் (குறிச்சொல்). ஆங்கிலச் சிறிய ‘யு’ எழுத்தைக் கோண அடைப்புக்குறிக்குள் இட்டு, சொல்லை எழுதி, சாய்கோட்டுடன் அதே எழுத்தை மீண்டும் இட்டு மூடினால் கோடு விழும்.

ஆனால், 1997இல் வந்த எச்.டி.எம்.எல் 4 இந்த டேக்கைத் தவிர்க்கச் சொன்னது. 2014இல் நிலைபெற்ற எச்.டி.எம்.எல் 5, எழுத்துப்பிழையைச் சுட்டுவது போன்ற குறுகிய பயன்களுக்கே அதை மீட்டுக்கொண்டது. ஆகவே, முக்கியமானது என்று காட்ட, சொல்லைத் தடித்த எழுத்தில் தரும் ‘ஸ்ட்ராங்’ டேக்கே பொருத்தம். விழா நேரம் மாறினால் பழைய ‘5 மணி’யை ‘டெல்’ டேக்கிலும் புதிய ‘6 மணி’யை ‘இன்ஸ்’ டேக்கிலும் இடலாம். முன்னதற்குக் குறுக்குக்கோடும் பின்னதற்கு அடிக்கோடும் பிரௌசரே போட்டுவிடும்.

வெறும் அழகுக்காகத்தான் கோடு வேண்டுமென்றால், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழியான சி.எஸ்.எஸ்ஸில் ‘டெக்ஸ்ட்-டெகரேஷன்’ பண்புக்கு ‘அண்டர்லைன்’ என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். தமிழுக்கு உரிய சிக்கல் இங்கேதான் எழுகிறது. ‘ஞாயிற்றுக்கிழமை’யில் ஞ, ற்று, ழ ஆகியவை எழுத்துவரிக்குக் கீழே இறங்குவதால், அவற்றின்மேல் படாமல் விலகிச் செல்லும் பிரௌசர் கோட்டைத் துண்டு துண்டாக்கிவிடுகிறது. ‘டெக்ஸ்ட்-டெகரேஷன்-ஸ்கிப்-இங்க்’ பண்பை ‘நன்’ என்று வைத்தால் கோடு முழுமையாகும். ஆனால் எழுத்தின் வாலை வெட்டிக்கொண்டு போகும், அது இன்னும் மோசம். ‘டெக்ஸ்ட்-அண்டர்லைன்-பொசிஷன்’ பண்பை ‘அண்டர்’ என்று வைத்து, கோட்டையே வால்களுக்குக் கீழே இறக்கிவிடுவதுதான் சரியான தீர்வு. அதன் பிறகும் நெருக்கமாகத் தெரிந்தால் ‘டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட்’ பண்புக்கு 0.1 எம் (எழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு) கொடுத்துப் பார்க்கலாம். கோடு கீழே இறங்கியதால் அடுத்த வரியை முட்டக்கூடும் என்பதால், வரி உயரத்தைக் குறிக்கும் ‘லைன்-ஹைட்’ அளவை 1.7 அளவுக்கு உயர்த்திவிடுவது நல்லது.

கோட்டின் நிறம், தடிமன், வடிவம் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பண்புகள் உண்டு. ‘பெங்களூறு’ என்ற பிழையைச் சுட்ட, ‘வேவி’ (அலை) வடிவச் சிவப்புக்கோடு போதும்.

இணைப்புகளுக்குப் பிரௌசர் தானாக நீல அடிக்கோடு இடுவதால், இணைப்பல்லாத சொல்லுக்கு அதே நீலக்கோட்டை இட்டால் படிப்பவர் அதை அழுத்திப் பார்த்து ஏமாறுவார். விழா அறிவிப்பில் வரைபட இணைப்புக்கு மட்டும் நீலக்கோட்டை விட்டுவைத்து, நாளையும் நேரத்தையும் தடித்த எழுத்தில் இடுவதே என் பரிந்துரை.