பின்வளவில் காற்றுத் தொட்டி போட முதல்

வெக்கையான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலைப் பிள்ளைகளுக்குக் காற்றடித்துத் தண்ணீர் நிரப்பும் தொட்டி நல்ல விளையாட்டுத்தான், ஆனால் வாங்கியவுடன் விரிக்காதீர்கள். முதலில் நிலத்தைக் கூட்டி, நெருஞ்சி முள், ஊரி, ஓட்டுத்துண்டு எல்லாம் பொறுக்கி, மேலே தறப்பாளை இரண்டாக மடித்துப் போடுங்கள். நிலம் மட்டமாக இருப்பது முக்கியம், ஏனென்றால் 2 மீற்றர் அகலமான வட்டத் தொட்டியில் 30 சென்டிமீற்றர் நிரப்பினாலே 940 லீற்றர், அதாவது கிட்டத்தட்ட ஒரு தொன், சரிவில் அது ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். காற்றைக் காலையில் இறுக்கமாக அடிக்கக் கூடாது. மதிய வெயிலில் உள்காற்று விரிந்து தையல் விட்டுவிடும்.

சின்னத் தொட்டி என்றால் தண்ணீருக்குக் குளோரின் மருந்தே வேண்டாம், பின்னேரமே தண்ணீரை வாழைக்கு விட்டு, உட்சுவரை உரஞ்சிக் காயவிடுங்கள், டெங்கு நுளம்பின் முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். பெரியதென்றால் வடிகட்டி வேண்டும், குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லீற்றருக்கு அத்தனை மில்லிகிராம்), பிஎச் என்ற அமில-கார அளவு 7.2 முதல் 7.8 வரை.

பிள்ளைகள் தண்ணீரில் நிற்கும்வரை கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர், போன் இல்லாமல். அப்புறம் ஐப்பசி மழைக்கு முன்பே நன்றாகக் காயவைத்து மடித்து, எலி ஏறாத இடத்தில் வையுங்கள்.