மதம் பேசும் ஐரோப்பிய மலிவுத் திகில் படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960, 70களில் இத்தாலி, ஸ்பெயின், பிரிட்டன், மேற்கு ஜெர்மனி நாடுகளில் குறைந்த செலவில், அதிர்ச்சியையே மூலதனமாக வைத்து எடுத்த திகில் படங்களை எக்ஸ்ப்ளாய்டேஷன் வகை என்பார்கள். சூனியக்காரிகள், கன்னியாஸ்திரீகள், பேய் பிடித்த பெண்கள் என மதம் அவற்றில் நிரம்பிக் கிடக்கும்.

இவற்றைப் பேயோட்டும் கதை சொன்ன அமெரிக்கப் படமான 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) படத்தின் நகல்கள் என்று ஒதுக்குவது முதல் தவறு. 1974 முதல் இத்தாலியில் நகல்கள் வந்தது உண்மைதான். ஆனால் இத்தாலிய இயக்குநர் மரியோ பாவா தன் படத்தில் சூனியக்காரியின் முகத்தில் ஆணி முகமூடி அறைந்தது 1960இல். அதற்கும் முன்னால், 1922இலேயே பெஞ்சமின் கிறிஸ்டென்சன் சூனியம் பற்றி 'ஹெக்ஸன்' என்ற படத்தை எடுத்துவிட்டார்.

இதைவிடப் பெரிய தவறு, படத்தில் வருவதைச் சரித்திரமாக எடுத்துக்கொள்வது. மைக்கேல் ரீவ்ஸின் 'விட்ச்ஃபைண்டர் ஜெனரல்' (1968) படத்தில் ஒரு பெண்ணை உயிரோடு நெருப்பில் இறக்குகிறார்கள். இங்கிலாந்தில் சூனியக் குற்றத்துக்கு வழக்கமான தண்டனை தூக்கு. படத்தில் கோடரியால் வெட்டுப்படும் சூனிய வேட்டைக்காரர் மேத்யூ ஹாப்கின்ஸ் நிஜத்தில் 1647இல் நோயில் இறந்தவர். சூனிய வேட்டையை 'இருண்ட இடைக்காலம்' என்று எழுதுவதும் பிழை. அது உச்சத்தில் இருந்தது 16, 17ஆம் நூற்றாண்டுகளில். கொடுமைக்குப் பேர்போன ஸ்பானிய இன்க்விசிஷன் என்ற கத்தோலிக்க மத விசாரணை மன்றத்திலேயே சலாசார் ஃப்ரியாஸ் என்ற விசாரணையாளர், சூனியக் குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரமே இல்லை என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்.

ஸ்பானிய இயக்குநர் அமாண்டோ தே ஒசோரியோவின் படத்தில் வரும் குருட்டு டெம்ப்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். டெம்ப்ளர்கள் என்போர் இடைக்காலக் கிறிஸ்தவப் போர்த்துறவிகள். 1972இல் வெளிவந்த அந்தப் படத்தில் டெம்ப்ளர் வீரர்கள் சாத்தான் வழிபாடு செய்து, ரத்தம் குடித்து, பிணங்களாக எழுந்து வருகிறார்கள். கதை நடப்பது போர்ச்சுகலில். அங்கே நிஜமான டெம்ப்ளர்களை அழிக்கவே இல்லை. 1319இல் கிறிஸ்து சபை என்ற புதுப் பெயரில் தொடரவிட்டார்கள். பிரான்சில் இருந்த டெம்ப்ளர்களை மதத் துரோகிகள் என்று பிடித்து, சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கியவர் அவர்களிடம் கடன்பட்டிருந்த பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப். அந்த மன்னர் சுமத்திய பழியைத்தான் படம் இன்னும் பெரிதாக்கிச் சொல்கிறது. அந்த வீரர்கள் மெதுவாகக் குதிரையில் வரும் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். அதற்காக அவதூறை வரலாறு என்று எழுத முடியாது.

அப்புறம் தணிக்கை. சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியில் ஸ்பெயினுக்கு ஒரு வடிவமும் வெளிநாட்டுக்கு நிர்வாணம் சேர்த்த இன்னொரு வடிவமும் எடுப்பது வழக்கம். ஸ்பானிய ஓநாய் மனிதன் இருக்கக் கூடாது என்று தணிக்கையாளர்கள் சொன்னதால் ஸ்பானிய நடிகர் பால் நாஷியின் ஓநாய் மனித நாயகன் போலந்துக்காரன் ஆனான். எந்த நாட்டுப் பிரதியைப் பார்த்தோம் என்று சொல்லாமல் எழுதும் விமர்சனம் பாதி விமர்சனம்தான்.

கன்னியாஸ்திரீ படங்கள் எல்லாமே சதைக் காட்சி என்று தள்ளுவதும் சரியல்ல. பல படங்கள் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜான்ஃபிராங்கோ மிங்கோஸியின் 'ஃபிளாவியா' (1974) வேறு ரகம். 1480இல் ஒட்டோமான் படை தென் இத்தாலிய நகரமான ஒத்ரான்தோவைத் தாக்கிய காலத்தை வைத்து, தந்தையும் சபையும் சேர்ந்து ஒரு பெண்ணை அடைத்து வைப்பதை அது கோபத்தோடு பேசுகிறது. மிங்கோஸி 1962இல் அதே தென் இத்தாலிப் பகுதியில், சிலந்திக் கடி என்று சொல்லி ஆவேசம் கொண்டு ஆடும் பெண்களை ஆவணப்படமாக எடுத்தவர். அதையும் பார்த்துவிட்டு 'ஃபிளாவியா'வுக்கு வாருங்கள்.