செகண்ட் ஹேண்ட் ஃபோர் பை ஃபோர் டீசல் வாங்கியாச்சா? லைட் பார் மாட்டும் முன் இதைச் செய்யுங்கள்

சென்ற ஆண்டு தேனியில் 2014 மாடல் மஹிந்திரா தார் சிஆர்டிஇ ஒன்று வாங்கினேன். 2.5 லிட்டர் டீசல், 105 குதிரைத்திறன், பின்னால் லீஃப் ஸ்பிரிங், லீவரால் மாற்றும் ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரமும் இழுக்கும் அமைப்பு). ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் சத்தம் சீராக இருந்தது. பெயின்டும் புதிது போல மின்னியது. மறுவாரம் பட்டறையில் முன் டிஃபரன்ஷியலின் (வளைவில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் தொகுதி) ஆயிலை இறக்கினோம். பால் ஊற்றிய காபி நிறத்தில் கொழகொழவென்று ஏதோ வழிந்தது. ஆயிலோடு தண்ணீர் கலந்திருந்தது. முந்தைய ஓனர் எப்போதோ ஓடையில் இறக்கியிருக்கிறார். அதன் பிறகு அந்த ஆயில் நட்டை யாரும் தொடவே இல்லை.

"பின்னாடி ஆயிலை எல்லாரும் மாத்துவாங்க தம்பி, முன்னாடி இருக்கிறது யாருக்கும் ஞாபகம் வராது" என்றார் மெக்கானிக் அண்ணன்.

இந்த வகை வண்டிக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த முன்பக்கத்துக்குத்தான்: எஞ்சின் சக்தியை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதை முன்னே கொண்டுபோகும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட், முன் டிஃபரன்ஷியல். வாங்கும்போது அதைச் சோதிப்பவர்கள் குறைவு, சர்வீஸிலும் அதுதான் விடுபடும். அதனால் நான் சொல்லும் வரிசை அங்கேதான் தொடங்கும்.

படி 1: காகித வேலை

படிவம் 29, 30 கொடுத்து ஆர்சி பெயர் மாற்றத்தை உடனே தொடங்குங்கள். இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள்தான் அவகாசம். டெல்லிப் பகுதியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை வந்த பிறகு, அங்கிருந்து குறைந்த விலையில் நிறைய வண்டிகள் தெற்கே வந்தன. அப்படிப்பட்ட வண்டியென்றால் என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய சாலை வரி இரண்டையும் சேர்த்த பிறகுதான் அதன் உண்மையான விலை தெரியும்.

படி 2: நான்கு சக்கரமும் இழுக்கிறதா?

இந்தச் சோதனையைத் தார் ரோட்டில் செய்யாதீர்கள். தார், பழைய ஸ்கார்பியோ போன்றவற்றில் இருப்பது பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் எச் (நான்கு சக்கர இழுவை, சாதாரண வேகம்) போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீளமான பாதையில் போகின்றன. மண்ணிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. ஸ்டீயரிங் கனக்கும், வண்டி திணறித் திணறித் துள்ளும், முறுக்கு முழுவதும் கியர்களிலும் ஷாஃப்டின் மூட்டுகளில் உள்ள கிராஸ் பேரிங்குகளிலும் ஏறும்.

ஆகவே ஒரு மண் தரைக்குப் போங்கள். முன் சக்கர நடுவில் கையால் திருப்பும் லாக்கிங் ஹப் (சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டும் திருகி) இருந்தால் இரண்டையும் இப்போதைக்கு ஃப்ரீயில் விடுங்கள். வண்டியை அணைத்து, கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, முன் புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கல்லை எடுத்துவிட்டு ஃபோர் எச் போட்டு, நேராக இரண்டு மூன்று மீட்டர் நகர்த்தி நிறுத்திப் பாருங்கள். ஹப் ஃப்ரீயில் இருந்து கோடு இடம் மாறியிருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன்னே சக்தி அனுப்புகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். ஹப் லாக் ஆகியிருந்தாலோ, அப்படி ஹப்பே இல்லாத வண்டியிலோ சக்கரமே ஷாஃப்டைச் சுற்றிவிடும், அதனால் கோட்டை நம்ப முடியாது. அடுத்து ஹப்புகளை லாக் செய்து, உதிரி மண் உள்ள ஏற்றத்தில் மெதுவாக ஏற்றுங்கள், வெளியே ஒருவர் நின்று பார்க்கட்டும். ஷாஃப்ட் சுற்றியும் முன் சக்கரம் மண்ணைப் பறிக்கவில்லை என்றால் கோளாறு ஹப்பிலோ முன் ஆக்ஸிலிலோ இருக்கலாம்.

ஃபோர் எல் (நான்கு சக்கர இழுவை, குறைந்த வேகம், அதிக இழுவிசை) போடும் முன் வண்டியை முழுதாக நிறுத்தி, கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். லீவர் இறங்கவில்லை என்றால் இழுத்து அடிக்க வேண்டாம். வண்டியை ஒரு அடி உருட்டினால் பற்கள் பொருந்தி லீவர் தானாக விழும். பல வருடம் அசைக்காத லீவர் முதல் தடவை இறுகித்தான் இருக்கும்.

படி 3: எல்லா ஆயிலையும் மாற்றுங்கள்

"போன மாசம்தான் மாத்தினேன்" என்று விற்றவர் சொன்னாலும் மாற்றுங்கள். பில் கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. எஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என்று மொத்தம் ஐந்து இடம்.

பத்து கிலோமீட்டர் ஓட்டி ஆயிலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சமதரையில் நிறுத்துங்கள். ஜாக்கியில் தூக்கினால் ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் போகவே கூடாது. இதில் விதிவிலக்கு கிடையாது.

இனி சொல்வதை மறக்காதீர்கள்: ஆயில் ஊற்றும் மேல் நட்டை முதலில் கழற்றுங்கள். அது கழன்று வந்த பிறகுதான் கீழே இறக்கும் நட்டில் கை வைக்க வேண்டும். வருடக்கணக்கில் திறக்காத மேல் நட்டு துருப்பிடித்து, முனை மழுங்கி, கழலாமல் அடம்பிடிக்கலாம். கீழ் நட்டைத் திறந்து ஆயில் முழுவதும் வடிந்த பிறகு அது தெரியவந்தால் வண்டி அங்கேயே கிடக்கும். என் வண்டியில் அப்படித்தான் இறுகிக் கிடந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் நீளமான கைப்பிடி போட்டுத் திருப்பியபோது 'டக்' என்ற ஒரே சத்தத்தோடு விட்டது.

இறக்கும் நட்டில் காந்தம் இருந்தால் அதைத் துடைக்கும் முன் விரலால் தேய்த்துப் பாருங்கள். மை போன்ற மெல்லிய சாம்பல் பசை இயல்பான தேய்மானம். நகக்கண் அளவு இரும்புத் துண்டு கிடைத்தால் ஹவுசிங்கைத் திறந்து பற்களைப் பார்க்காமல் ஓட்டாதீர்கள். காபி நிறம் என்றால் தண்ணீர். புது ஆயில் ஊற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு, மறுபடி புதிதாக ஊற்றுங்கள். நான் மூன்று தடவை மாற்றிய பிறகே தெளிவாக வந்தது.

ஆயில் வகையிலும் கவனம் வேண்டும். டிஃபரன்ஷியலுக்குப் பொதுவாக ஜிஎல்-5 (கியர் ஆயிலின் தர எண்). மீதி இருக்கிறதே என்று அதையே கியர் பாக்ஸுக்கும் ஊற்றிவிடாதீர்கள். வண்டியின் கையேடு (மேனுவல்) ஜிஎல்-4 கேட்டால் ஜிஎல்-4தான். ஜிஎல்-5-இல் உள்ள கந்தகச் சேர்மானங்கள் கியர் மாற்றத்தை இலகுவாக்கும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு சில வண்டிகளில் கியர் ஆயில், சிலவற்றில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்). உங்கள் வண்டியின் மேனுவலைப் பார்த்து ஊற்றுங்கள். ஊற்றும் துளையின் விளிம்பில் வழியத் தொடங்கினால் அளவு சரி. நட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பழைய ஆயிலைப் பட்டறையில் கொடுங்கள், சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

கையோடு கிரீஸ் கன்னையும் எடுத்து, ஷாஃப்டின் கிராஸ்களில் நிப்பிள் இருந்தால் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடியுங்கள்.

படி 4: டீசல் பக்கம்

காலையில் குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது கறுப்பாக வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை: அடைத்த ஏர் ஃபில்டர், கிழிந்த இன்டர்கூலர் ஹோஸ், கரி பிடித்த ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் வால்வு) என்று விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக்கைச் சோதியுங்கள். வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

டீசல் ஃபில்டரைக் கட்டாயம் மாற்றுங்கள். காமன் ரெயில் எஞ்சினில் (அதிக அழுத்தத்தில் டீசலைப் பீச்சும் வகை) இன்ஜெக்டருக்கு மிகப் பெரிய எதிரி தண்ணீரும் தூசியும்தான். ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால் அதைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தனியாகப் படிந்து தெரியும். ஐடிலில் எஞ்சின் ஒழுங்கில்லாமல் ஆடினால், நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றச் சொல்வதற்கு முன் லீக்-ஆஃப் டெஸ்ட் கேளுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் டியூபையும் தனித்தனி பாட்டிலில் விட்டு எஞ்சினை ஓடவிடுவார்கள். எந்த பாட்டில் சீக்கிரம் நிறைகிறதோ அதுதான் கசியும் இன்ஜெக்டர். செலவு நான்குக்குப் பதில் ஒன்றோடு முடியலாம்.

ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறிய பிறகே திறங்கள். உள்ளே செங்காவி நிறமென்றால் வெறும் குழாய்த் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள். நன்றாக அலசிவிட்டு, தகுந்த கூலன்ட் ஊற்றி, ஹோஸ்களை அழுத்திப் பாருங்கள். வெடித்ததும் பொதபொதத்ததும் மாற்ற வேண்டியவை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஹோஸ் வெடித்தால், வண்டியை ஓரங்கட்டக்கூட இடம் கிடைக்காது.

படி 5: சக்கரமும் பிரேக்கும்

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் ஆடினால் டை ராட். ஆக்ஸில் பூட் (ஜாயின்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள், மணல் புகுந்தால் ஜாயின்டே போய்விடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் அந்த ஈரம் கொதித்தால் பெடல் உள்ளே போகும். முதல் மாதமே முழுவதும் மாற்றுங்கள்.

படி 6: இனி அப்கிரேடு

முதலில் டயர். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் டயர் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். நான்கும் ஒரே அளவு, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் அளவு மாறினால், ஃபோர் எச் போட்டு நேராகப் போனாலும் மேலே சொன்ன அதே முறுக்கு ஏறும். ரோட்டிலும் மண்ணிலும் கலந்து ஓட்டுபவருக்கு ஆல் டெர்ரைன் போதும்.

அடுத்தது விலை குறைவு, பலன் அதிகம்: டிஃபரன்ஷியல் பிரீதர் டியூபை (உள்ளே காற்று போய்வரும் குழாய்) நீட்டுவது. சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். அடைத்த பிரீதரோ பழைய சீலோ இருந்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். என் காபி நிற ஆயிலுக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு ரப்பர் டியூபை போனட்டுக்குள் உயரமான இடம் வரை கொண்டுபோய்க் கட்டினால் போதும்.

பிறகு சேசிஸில் போல்ட் போட்ட தரமான டோ ஹூக், ஒரு காற்று கம்ப்ரஸர். இழுக்கும் பட்டையை டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டை) மாட்டாதீர்கள். அது உடைந்து பறந்தால் உயிரை எடுக்கும்.

மேலே தெரியும் மாற்றங்களுக்குச் சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் பதிவு செய்த விவரக்குறிப்பை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. முன் பம்பரில் மாட்டும் இரும்புக் காப்புச் சட்டமான புல் பாருக்கு எதிராக 2017-இலேயே மத்திய அரசு உத்தரவு வந்தது. முந்தைய ஓனர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

முடித்ததும் நிறுத்துமிடத்தில் ஒரு பெரிய அட்டையை விரித்து அதன் மேல் வண்டியை இரவு விடுங்கள். காலையில் எந்த இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறதோ, அதற்கு நேர் மேலே சுற்றிப் பாருங்கள். மாதம் ஒருமுறை மண் பாதையில் சில கிலோமீட்டர் ஃபோர் எச் போட்டு ஓட்டுங்கள். ஓடையில் இறங்கிய வாரம் முன் டிஃபரன்ஷியலின் மேல் நட்டைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். ஆயில் நிறம் தெளிவாக இருந்தால் அப்படியே மூடிவிடலாம்.