பயாஸ் தர்ற மெமரி மேப்பை நம்பி ஏமாறாதீங்க: கர்னல்ல ஃபர்ம்வேர் பக்கை சமாளிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) பூட் ஆனதும் முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது எந்த மெமரிய எடுத்துக்கலாம், எதுல கை வைக்கக்கூடாதுங்கறதுதான். பழைய பயாஸ்னா இ820ன்னு ஒரு பட்டியல் வரும், யுஇஎஃப்ஐன்னா அதோட சொந்த மெமரி மேப் வரும், ரெண்டுலயும் இந்த ரேஞ்ச் ஃப்ரீ, இது ரிசர்வ்ட், இது ஏசிபிஐ டேபிளுக்கு (ஹார்ட்வேர் விவரத்த ஓஎஸ்ஸுக்கு சொல்றது)ன்னு பிரிச்சு எழுதியிருக்கும். ஆனா அந்தப் பட்டியல எழுதினதும் ஃபர்ம்வேர்னு போர்டோடயே வர்ற ஒரு சாஃப்ட்வேர்தானே, பயாஸ், யுஇஎஃப்ஐ ரெண்டும் அந்த வகைதான், அதுலயும் பக் இருக்கும். ஃப்ரீன்னு அதுவே சொன்ன எடத்துல பின்னாடி அதுவே வந்து எழுதிட்டுப் போகும், அங்க கர்னல் ஒரு பேஜ் டேபிள (எந்த மெமரி அட்ரஸ் எங்க இருக்குங்கற கணக்க) வச்சிருந்தா கதை முடிஞ்சுது.

இதுல நிறைய பேர் பண்ற பெரிய தப்பு, பூட் முடிஞ்சதும் ஃபர்ம்வேர் வேலையும் முடிஞ்சுதுன்னு நெனைக்கறது. முடியவே முடியாது. எக்ஸ்86 மெஷின்ல எஸ்எம்எம்னு ஒரு மோடு இருக்கு, எஸ்எம்ஐ இன்டரப்ட் வந்தா ப்ராசஸர் கர்னலுக்குத் தெரியாமலே அதுக்குள்ள போய் ஃபர்ம்வேர் கோட ஓட்டிட்டு திரும்பி வரும். அது தப்பான எடத்துல எழுதினா உங்க கோட்ல எந்த லைனையும் குத்தம் சொல்ல முடியாது, ஏன்னா எழுதினது உங்க கோடே இல்ல. லினக்ஸ் கர்னலோட பழைய கான்ஃபிக் உதவிக் குறிப்புலயே இத வெளிப்படையா எழுதியிருந்தாங்க, சஸ்பெண்ட் ஆகி எழுந்திரிக்கும்போதும் மானிட்டர் கேபிள சொருகும்போதும் சில பயாஸ் முதல் 64 கேபி மெமரிய கெடுக்குதுன்னு. கேபிள் சொருகினா மெமரி கெடும்னு யாராவது சும்மா சொன்னா நம்பியிருப்போமா?

இந்த 64 கேபி விஷயம் வளந்த விதத்த பாத்தாலே ஒரு பாடம் இருக்கு. ஆரம்பத்துல குறிப்பிட்ட சில பயாஸ் கம்பெனி பேர் வந்தா மட்டும் அந்த எடத்த ஒதுக்குனாங்க, அப்பறம் பட்டியல் போட்டு முடியாதுன்னு எல்லா மெஷினுக்கும் 64 கேபி ஒதுக்குனாங்க, கடைசில 2021ல வந்த 5.13 கர்னல்ல முதல் 1 எம்பி முழுக்கவே யாருக்கும் குடுக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க. அதுல 640 கேபிக்கு மேல இருக்கறது எப்படியும் விஜிஏவுக்கும் (டிஸ்ப்ளே) பயாஸுக்கும் போயிடும், அதனால உண்மையா இழக்கறது ரொம்ப கொஞ்சம்தான். பல ஜிபி ரேம் இருக்கற மெஷின்ல அவ்ளோண்டு மெமரிய மிச்சம் பிடிக்க ஒவ்வொரு போர்டா பேர் எழுதி வச்சு பராமரிக்கறது வீண் வேலை. என்னக் கேட்டா இந்த முடிவு இன்னும் பல வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்.

அடுத்தது, நோய் என்னன்னே பாக்காம மருந்து குடுக்கறது. மெமரி கெட்டுப்போச்சுன்னு ஒரு கிராஷ் ரிப்போர்ட் வந்தா அது ஃபர்ம்வேரா இருக்கலாம், ரேம் ஸ்டிக்கே பழுதா இருக்கலாம், ஏதாவது டிரைவர் விடுவிச்ச பஃபர்ல டிவைஸ் இன்னும் டிஎம்ஏ (ப்ராசஸர் இல்லாம நேரடியா மெமரில எழுதறது) பண்ணிட்டு இருக்கலாம். ரேம் பழுதுன்னா பெரும்பாலும் அதே அட்ரஸ்ல அதே பிட் திரும்பத் திரும்ப மாறும். ஃபர்ம்வேர்னா ஏதோ ஒரு நிகழ்வோட ஒட்டி வரும், சஸ்பெண்ட், லிட் மூடறது, கேபிள் இந்த மாதிரி, கெட்ட பைட்டுகள பாத்தாலும் ஏதோ டேட்டா ஸ்ட்ரக்சர் மாதிரி ஒழுங்கா இருக்கும். மெம்டெஸ்ட்னு ரேம சோதிக்கற டூல் ராத்திரி முழுக்க ஓடி பாஸ் ஆயிடுச்சு அதனால மெமரி பக்கம் பிரச்சனையே இல்லன்னு சிலர் முடிச்சுடறாங்க, அந்த டெஸ்ட் ஓடும்போது யாரும் மெஷின தூங்க வைக்கலயே, அப்பறம் எப்படி இந்த பக் வெளிய வரும்? லினக்ஸ்ல இதுக்குன்னே மெமரி கரப்ஷன் செக்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, தாழ்ந்த மெமரில ஒரு பகுதிய பூஜ்யமா நிரப்பி வச்சுட்டு 60 செகண்டுக்கு ஒரு தடவ யாராவது அங்க எழுதியிருக்காங்களான்னு பாக்கும். முதல்ல அத ஆன் பண்ணி ஆதாரம் எடுங்க, அப்பறம் பேட்ச் எழுதுங்க.

நோய் மாறினா மருந்து எவ்ளோ மாறும்ங்கறதுக்கு 2011, 2012ல வந்த மேக் மெஷின்கள் நல்ல உதாரணம். அதுல இஎஃப்ஐ ஃபர்ம்வேர் ஒவ்வொரு பூட்லயும் பிராட்காம் 4331 வைஃபை கார்ட எழுப்பிவிட்டு, பூட் சர்வீசஸ் (ஓஎஸ் பொறுப்பெடுக்கற வரைக்கும் ஃபர்ம்வேர் தர்ற சேவைகள்) முடிஞ்சதுக்கு அப்பறமும் அணைக்காம விட்டுடும். கார்டு பாட்டுக்கு காத்துல வர்ற பேக்கெட்ட எல்லாம் வாங்கி மெமரில கொட்டிக்கிட்டே இருக்கும், அந்த மெமரி இப்போ கர்னல் கையில. பக்கத்துல இருக்கற எவனோ அனுப்பற பேக்கெட் உங்க கர்னல் மெமரில போய் விழுதுன்னா அது பாதுகாப்பு ஓட்டை, வெறும் கிராஷ் கிடையாது. இங்க மெமரிய ரிசர்வ் பண்ணி மறைக்கறது தீர்வே இல்ல. லினக்ஸ்ல ரொம்ப ஆரம்பத்துலயே அந்த கார்ட ரீசெட் பண்ற ஒரு குவர்க் (குறிப்பிட்ட மெஷினோட குறைய சமாளிக்கற சின்ன கோட்) சேத்தாங்க, அதுதான் சரி.

ரிசர்வ் பண்றதுதான் தீர்வுன்னு ஆனா நேரம் முக்கியம். மெம்பிளாக் அலொக்கேட்டர் (பூட் ஆரம்பத்துல மெமரிய பிரிச்சுக் குடுக்கற கர்னல் பகுதி) ஏற்கனவே அந்த பேஜ யாருக்கோ குடுத்ததுக்கு அப்பறம் ரிசர்வ் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல, எரரும் வராது, ஒதுக்கியாச்சுன்னு நீங்க நிம்மதியா இருப்பீங்க. கேஏஎஸ்எல்ஆர் (பாதுகாப்புக்காக கர்னல ஒவ்வொரு பூட்லயும் வேற எடத்துல வைக்கறது) அதுக்கும் முன்னாடி, கர்னல் டிகம்ப்ரஸ் ஆகற கட்டத்துலயே தனக்கு ஒரு எடம் பிடிச்சுடும், உங்க குவர்க் கோட் ஓடறப்போ கர்னலே அந்த கெட்ட ரேஞ்சுக்கு மேல உக்காந்திருக்கலாம். கர்னல் கமாண்ட் லைன்ல மெம்மேப் ஆப்ஷன (எந்த ரேஞ்ச ரிசர்வ் பண்ணணும்னு சொல்றது) குடுத்தா கேஏஎஸ்எல்ஆர் அத பாத்து ஒதுங்கும், ஆனா 4 ரேஞ்ச் வரைக்கும்தான் அது கணக்குல வச்சுக்கும்.

அந்த மெம்மேப் ஆப்ஷன்லயே ஒரு பொறி இருக்கு. ரிசர்வ் பண்ண அளவுக்கும் அட்ரஸுக்கும் நடுவுல டாலர் குறி போடணும், ஆனா க்ரப் (கர்னல லோட் பண்ற பூட்லோடர்) கான்ஃபிக்ல டாலர்னா வேரியபிள்னு அர்த்தம், சரியா எஸ்கேப் பண்ணலன்னா அட்ரஸ முழுங்கிடும். குறி இல்லாம வெறும் அளவு மட்டும் கர்னலுக்கு போய் சேர்ந்தா அந்த அளவுக்கு மேல இருக்கற ரேம் எல்லாத்தையும் அது விட்டுடும், மெஷின் பூட்டே ஆகாது. அதனால மெம்மேப் போடறதுக்கு முன்னாடி ஒரு டம்மி பேராமீட்டர்ல டாலர வச்சு அனுப்பி ப்ராக் கீழ இருக்கற சிஎம்டிலைன் ஃபைல்ல என்ன வந்திருக்குன்னு பாத்துக்கோங்க.

யுஇஎஃப்ஐ பக்கம் வந்தா ஸ்பெக்க அப்படியே நம்பறதுதான் தப்பு. எக்ஸிட் பூட் சர்வீசஸ் கூப்பிட்டதும் பூட் சர்வீசஸ் கோட், டேட்டா ரெண்டையும் ஓஎஸ் எடுத்துக்கலாம்னு ஸ்பெக் சொல்லுது, நிஜத்துல பல ஃபர்ம்வேர் செட் வர்ச்சுவல் அட்ரஸ் மேப் (ஃபர்ம்வேர் இனி எந்த அட்ரஸ்ல ஓடணும்னு ஓஎஸ் சொல்ற கால்) கூப்பிடும்போது அந்த ஏரியாவ மறுபடி தொடும். அதனாலதான் லினக்ஸ் அந்த கால் முடியற வரைக்கும் அத ஒதுக்கி வச்சிருந்துட்டு அப்பறம்தான் விடுவிக்குது. புதுசா ஓஎஸ் எழுதற பசங்க ஸ்பெக்க படிச்சுட்டு உடனே விடுவிச்சுடறாங்க, எமுலேட்டர்ல அழகா ஓடும், நெஜ லேப்டாப்ல விழும். இன்னொண்ணு, செட் வர்ச்சுவல் அட்ரஸ் மேப்ப ஒரு பூட்டுக்கு ஒரு தடவதான் கூப்பிட முடியும், கெக்ஸெக் (ஃபர்ம்வேர் வழியா போகாம ஓடற கர்னல்ல இருந்தே இன்னொரு கர்னலுக்கு தாவறது) பண்ணி வர்ற ரெண்டாவது கர்னல் மறுபடி கூப்பிட முடியாது, முதல் கர்னல் வச்ச மேப்பிங்க அதுக்கு கைமாத்தி விட்டாகணும். ரன்டைம் சர்வீஸ் (பூட்டுக்கு அப்பறமும் ஓஎஸ் கூப்பிடக்கூடிய ஃபர்ம்வேர் சேவை) ஓடும்போது ஃபர்ம்வேர் கண்ட எடத்த தொட்டு பேஜ் ஃபால்ட் ஆச்சுன்னா முழு மெஷினயும் பேனிக் பண்ணிடாதீங்க. லினக்ஸ் அந்த கால் ஓடற வேலைய மட்டும் அப்படியே நிறுத்தி வச்சுட்டு, இனிமே ரன்டைம் சர்வீஸ் கெடையாதுன்னு அணைச்சுட்டு மத்தத ஓட விடுது, அந்த அணுகுமுறை எனக்கு ரொம்ப பிடிக்கும்.

எம்டிஆர்ஆர் (எந்த மெமரிய எப்படி கேஷ் பண்ணணும்னு சொல்ற ப்ராசஸர் ரெஜிஸ்டர்) பத்தி சுருக்கமா: பயாஸ் அத சரியா செட் பண்ணலன்னா ரேமோட ஒரு பகுதி கேஷ் ஆகாது, கர்னல் அந்த பகுதிய வெட்டிவிட்டு இவ்ளோ எம்பி போச்சுன்னு லாக்ல சொல்லும். ரேம் கொறையுதேன்னு அந்த வெட்டறத ஆஃப் பண்ணாதீங்க, ரேம் திரும்ப வரும், மெஷின் ஆமை வேகத்துல போகும்.

குவர்க் எழுதும்போது டிஎம்ஐ (பயாஸ் தர்ற கம்பெனி, மாடல், வெர்ஷன் விவரம்) பேர வச்சு மேட்ச் பண்றதுல ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. கம்பெனி பேர் மட்டும் போட்டா பிரச்சனையே இல்லாத அவங்க மத்த எல்லா மாடல்லயும் அது பாயும், ஒரே ஒரு பயாஸ் வெர்ஷன் போட்டா அடுத்த அப்டேட்ல பக் அப்படியே இருக்க குவர்க் மட்டும் காணாம போயிடும். சில போர்ட்ல ப்ராடக்ட் பேர் எடத்துல "டு பி ஃபில்ட் பை ஓஇஎம்"னே இருக்கும், அத மேட்ச்ல போட்டா சம்பந்தமே இல்லாத போர்டெல்லாம் மாட்டும். எந்த வெர்ஷன்ல சரி பண்ணாங்கன்னு தெரிஞ்சா அதுக்கு முன்னாடி வந்த வெர்ஷனுக்கு மட்டும்னு எழுதலாம். தெரியலன்னா மாடல் பேரோட நிறுத்திக்கோங்க.

சத்தமில்லாம திருத்தறத மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க. லினக்ஸ்ல ஃபர்ம்வேர் பக்னு முத்திரையோட லாக் எழுத தனி வழியே இருக்கு, எந்த ரேஞ்ச், ஏன் ஒதுக்கினோம்னு அதுல ஒரு வரி போடுங்க, அந்த வரிய வச்சுதான் யூசர் வெண்டார்கிட்ட போய் பேச முடியும். திருத்துன மேப்பும் ஃபர்ம்வேர் குடுத்த ஒரிஜினலும் தனித்தனியா இருக்கணும், லினக்ஸ் அந்த ஒரிஜினல சிஸ் கீழ ஃபர்ம்வேர் மெம்மேப்னு காட்டுது. ஹைபர்நேட் கூட அந்த ஒரிஜினல் இ820 பட்டியலோட செக்சம்ம சேவ் பண்ணி வச்சு எழுந்திரிக்கும்போது ஒத்துப் பாக்குது, ஏன்னா சில ஃபர்ம்வேர் பூட்டுக்கு பூட் வேற வேற மேப் குடுக்கும். உங்க குவர்க் அந்த ஒரிஜினல்லயே கை வச்சா இந்த செக்குக்கு அர்த்தமே போயிடும், ஃபர்ம்வேர் நெஜமா மேப்ப மாத்துச்சா இல்ல மாத்துனது நீங்கதானான்னு யாராலயும் சொல்ல முடியாது.